முறுக்குக் குழல்

கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. இருபத்தெட்டு வருஷம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். தராசைத் திருப்பிப் பார்ப்பேன், எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்று நகத்தால் கீறுவேன், முத்திரை நிஜமா போலியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். பார்த்த இடத்திலெல்லாம் எனக்குத் திருட்டுத்தனம் தெரியும். இல்லாத இடத்திலும் தெரியும். "உங்ககிட்ட ஒரு கிலோ பஞ்சு குடுத்தாலும் அடியில தண்ணி தெளிச்சிருக்கான்னுதான் பாப்பீங்க" என்பாள் என் மனைவி. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன்.

அந்தப் புத்தியோடுதான் என் அத்தான்மேல் புகார் எழுதினேன். அக்காவின் கணவர். நாலு பக்கக் கடிதம், பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

அத்தான் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஆயுத அறைக் காப்பாளர். உறுப்பினர்களின் துப்பாக்கிகள் முப்பத்தாறும் அவர் பொறுப்பு. ஆயுத அறைச் சாவி இருபத்திரண்டு வருஷமாக அவருடைய பெல்ட்டில்தான் தொங்கும். குளிக்கப் போனால்கூட அதைச் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்று அக்கா கிண்டலடிப்பாள். அவருக்கு அது வெறும் வேலை இல்லை. மனிதருக்கு ஊரில் இருந்த மரியாதையே அந்தச் சாவிதான்.

அப்பா இறந்தபோது அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை எனக்கென்று எழுதி வைத்திருந்தார். எனக்குச் சுடவும் தெரியாது, வீட்டில் வைத்துக்கொள்ள உரிமமும் இல்லை. அதனால் பெயர் என்னுடையதாகவும் இடம் சங்கத்து ஆயுத அறையாகவும் ஏற்பாடு ஆயிற்று. பதினோரு வருஷம் அது அத்தான் பொறுப்பில் அங்கேயே கிடந்தது.

அதை அப்பா 'முறுக்குக் குழல்' என்றுதான் சொல்வார். இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கை ஒரு தண்டில் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டிக் குழலாக்குவார்களாம். அப்படிச் செய்த குழலில் பழுப்பும் வெள்ளியுமாக நெளிநெளியாக வரி ஓடும். சின்ன வயதில் அந்த வரிமேல் விரல் வைத்து, எங்கே முடிகிறது என்று தேடியிருக்கிறேன். "இருநூறு வருஷத்துச் சரக்குடா. இப்ப எவனுக்கும் இது செய்ய வராது" என்பார். தோட்டாவே போட மாட்டார். இந்தக் காலத்து வெடிமருந்துக்கு முறுக்குக் குழல் தாங்காது, வெடித்துவிடும் என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதோடு சரி.

வினை இந்த வருஷம் வந்தது. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரிடம் துப்பாக்கியைப் பற்றி ஏகத்துக்கும் அளந்துவிட்டேன். நம்பவில்லையா, வாருங்கள் காட்டுகிறேன் என்று சங்கத்துக்கே அழைத்துப் போனேன். அத்தான் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். குழல் இரண்டும் மொழுமொழுவென்று வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஒரு வரி இல்லை.

"எங்கய்யா முறுக்கு? தண்ணி பைப்பு மாதிரி இருக்கு" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் சிரிக்காமல் இருக்க முயன்றான். அது அதைவிட மோசமாக இருந்தது.

"அத்தான், இது எங்க அப்பா துப்பாக்கியா?"

"அதேதான் மாப்ள."

"அப்ப வரி எங்க?"

அவர் குழலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. முத்திரை போட்ட நல்ல கல்லை ஆய்வாளருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு இளைத்த கல்லில் நிறுக்கிற கடைக்காரனும் கேள்வி கேட்டால் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வான். வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைக் குடைந்து, அப்பா துப்பாக்கியை மடியில் வைத்திருக்கும் போட்டோவைத் தேடி எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வரி அச்சாகத் தெரிந்தது. விஷயம் முடிந்தது. அத்தான் முறுக்குக் குழலைக் கழற்றி எவனோ பழம்பொருள் பைத்தியத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு சாதாக் குழலை மாட்டி வைத்திருக்கிறார். அன்றைக்கே கடிதம் எழுதி, போட்டோவையும் இணைத்துச் சங்கத்துக்கு அனுப்பினேன்.

விசாரணை முடிகிற வரைக்கும் என்று சொல்லிச் சங்கம் அத்தானிடமிருந்து சாவியை வாங்கிச் செயலாளரிடம் கொடுத்தது. அக்கா மூன்று தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. 'ஒரே ஒரு தடவை எடுடா' என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதற்கும் பதில் போடவில்லை. புருஷனுக்காக வக்காலத்து வாங்க வருகிறாள் என்று நினைத்தேன். அத்தான் சங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெளி ஆள் ஒருவர் துப்பாக்கியைப் பார்த்து அதன் வயதையும் குழலின் இரும்பையும் எழுதித் தரட்டும், அந்த ஆளையும் புகார் கொடுத்தவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றாராம். என்ன ஒரு நெஞ்சழுத்தம் என்று என் மனைவியிடம் பொருமினேன்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. வெள்ளிக்கிழமை காலை, அனுமதிக் கடிதத்தோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். துப்பாக்கி பழுது பார்ப்பதில் கெட்டிக்காரி என்று நாலு பேர் சொன்ன பெண்மணி. நாற்பது வயது இருக்கும். தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஒரு கண்ணாடிக்குமேல் இன்னொரு கண்ணாடி போட்டிருந்தார். வாயில் ஓர் இருமல் மிட்டாய். துப்பாக்கியைக் கவ்விப் பிடிக்க, உள்பக்கம் தோல் ஒட்டிய இரும்புப் பிடிகருவி ஒன்று மேஜையில் இறுக்கியிருந்தது. எண்ணெய் நாற்றத்தில் எனக்குத் தும்மல் வந்தது.

"முதல்ல இதக் கேளுங்கம்மா" என்று கடிதத்தின் நகலை எடுத்தேன்.

"நாலு பக்கமும் கேக்கணுமா சார்?"

"விஷயம் தெரிஞ்சாத்தானே நீங்க எழுத முடியும்."

"துப்பாக்கியப் பாத்தாலே எழுதிருவேன். சரி, படிங்க."

நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மூன்றாம் பக்கம் எனக்கே பிடித்த பக்கம். 'என் தந்தையார் மறைந்த வாரத்தில், துருவேறிக் கிடந்த அத்துப்பாக்கியை நான் என் கையாலேயே இரண்டு நாள் உழைத்துத் தூய்மை செய்து, பளபளக்கும் நல்ல நிலையில் மேற்படியாரிடம் ஒப்படைத்தேன்.' அந்த இடத்தில் அந்தம்மா தலையைத் தூக்கினார்.

"எதால தேச்சீங்க?"

"உப்புத்தாள். முதல்ல கரடு, அப்புறம் நைசு. கடைசியில எண்ணெய்."

"ம்" என்றார். வேலை தெரிந்தவர் ஒருவர் இன்னொரு வேலை தெரிந்தவரை மெச்சுகிற 'ம்' என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. "தேச்சா வரி போயிடுமாம்மா?"

"நெஜ முறுக்குக் குழலா இருந்தா போகாது சார். வரி இரும்புக்குள்ளயே ஓடுது, எப்படிப் போகும்? கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். ஒரு சொட்டு அமிலம் வெச்சா திரும்ப எழுந்து வரும்."

எனக்கு நிம்மதி. அந்தம்மா குழலின் வாய்ப்பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓரிடத்தைத் துடைத்து, கண்ணாடிக் குச்சியால் அமிலம் தொட்டு வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். இரும்பு மெல்லக் கறுத்தது. ஒரே சீராகக் கறுத்தது. துடைத்தால் சீரான சாம்பல். இரண்டாவது குழலிலும் வைத்தார். அதேதான்.

"இது முறுக்குக் குழல் இல்ல. எஃக உருக்கி, ஒரே கட்டையா வார்த்து, துளை போட்ட குழல்."

"நான் சொன்னேன்ல!" மேஜையைத் தட்டிவிட்டேன். திருகாணிகள் துள்ளின. "மாத்திட்டான்! எழுதுங்கம்மா, அப்படியே எழுதுங்க." அத்தானை அவன் இவன் என்று பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"இருங்க சார். வயசு கேட்டிருக்கீங்களே."

சுடுகிறவர் இடது கையால் தாங்கிப் பிடிப்பதற்குக் குழலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை இருக்கும். அந்தம்மா அதன் அடியில் எதையோ விரலால் இழுத்தார். கட்டை தனியாகக் கையோடு வந்துவிட்டது. நான் பதறிப்போனேன்.

"உடைஞ்சிருச்சா?"

"இது கழட்றதுதான் சார். சுத்தம் பண்றவங்க முதல்ல இதத்தான் கழட்டுவாங்க."

அதன்பின் குழலை உடலிலிருந்து பிரித்துத் தலைகீழாகத் திருப்பினார். குழல் முடிகிற இடத்தில், தட்டையான பகுதியில், சின்னச் சின்ன முத்திரைகள் இருந்தன. குழல் தாங்குமா என்று சுட்டுச் சோதித்துப் பார்த்தபின் குத்துகிற முத்திரைகள் என்றார். வருஷங்களுக்கு ஒரு தடவை முத்திரையின் உருவத்தை மாற்றுவார்களாம். உருவத்தை வைத்துக் காலம் சொல்லிவிடலாமாம். ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

"நூறு வருஷத்துக்கு மேல, நூத்திப் பத்துக்குள்ள. இந்த முத்திரை இருக்கு பாருங்க, இது இந்தக் காலத்துப் புகையில்லாத வெடிமருந்துக்குத் தாங்கும்னு குத்தினது. முறுக்குக் குழல் மோகம் போய், எஃகுக் குழல் வந்த காலத்துத் துப்பாக்கி."

"அது மாத்தின குழலோட வயசு. எங்க அப்பா துப்பாக்கிக்கு இருநூறு வருஷம்."

அந்தம்மா பூதக்கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார். குழலின் அடியில் ஓர் எண். துப்பாக்கியின் உடலில் ஓர் எண். கழற்றிய மரக்கட்டைக்குள் இருந்த இரும்புத் துண்டில் ஓர் எண். மூன்றும் ஐந்திலக்கம், மூன்றும் ஒரே எண். "நீங்களே பாருங்க சார். முத்திரை பாக்கறதுதானே உங்க வேலை."

பார்த்தேன். மூன்று இடத்திலும் ஏழின் கால் ஒரே இடத்தில் உடைந்திருந்தது. ஒரே உளி, ஒரே கை, ஒரே நாள். போலி முத்திரையை இருட்டில் தடவியே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொண்ட கண்ணுக்கு அது நிஜம் என்று தெரியாமல் போகுமா? தெரிந்தது.

"அப்ப... வரி? போட்டோவுல இருக்கே. நானே பாத்திருக்கேனே."

"அதோ இருக்கே" என்றார்.

மரக்கட்டை மூடியிருந்த இடத்தில், குழலின் அடிவயிற்றில், நாலு விரல் அகலத்துக்கு வரி இருந்தது. பழுப்பும் வெள்ளியுமாக, நெளிநெளியாக, நான் சின்ன வயதில் விரல் ஓட்டிய அதே வரி.

அந்தம்மா அதன் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு நைசாகத் தேய்த்து, அமிலம் வைத்தார். அங்கேயும் சீரான சாம்பல்தான். "மேல்பூச்சு சார். சாதா எஃகுக் குழல்ல, தாள்ல அச்சடிச்ச வரிய ஒட்டி, அமிலத்தால பதிய வெச்சிருக்காங்க. முறுக்குக் குழல் வாங்க முடியாதவங்களுக்காகப் பண்ணினது. பாத்தா அப்படியே இருக்கும். ஆழம் முடி அளவுகூடக் கிடையாது. துணியால துடைச்சா நூறு வருஷம் நிக்கும். உப்புத்தாள் பட்டா அரை மணி நேரம்."

அந்தம்மா விடவில்லை. விளக்கைச் சாய்த்து, குழல் முழுக்க ஓடுகிற மெல்லிய கீறல்களைக் காட்டினார். கரடுத்தாள் கீறல், அதன்மேல் நைசுத்தாள் கீறல். எல்லாம் மரக்கட்டையின் விளிம்பு வரைக்கும் வந்து, கோடு போட்டதுபோல நின்றன. கட்டையின் விளிம்பிலும் தாள் பட்டு மரம் தேய்ந்திருந்தது.

"தேச்ச ஆளுக்கு இந்தக் கட்டை கழண்டு வரும்னு தெரியல" என்றார். "ஆயுத அறையில இருக்கற ஆளா இருந்தா இது நடக்காது."

வெட்கம் என்றால் முகம் சிவக்கும், காது சுடும் என்பார்கள். எனக்குக் கைதான் கூசியது. அந்தம்மா கண்ணெதிரிலேயே இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் கொண்டுபோனேன். பழுப்பாக இருந்ததையெல்லாம் துரு என்று நினைத்து, அப்பாவின் வரியை நானே இரண்டு நாள் உட்கார்ந்து, வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்து அழித்திருக்கிறேன். அழித்ததைப் பெருமையாக மூன்றாம் பக்கத்தில் எழுதி, அதற்கு இன்னொருவனைத் திருடன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதற்கு அடுத்து நான் செய்ததுதான் இன்றைக்கும் நினைத்தால் கூனிக் குறுக வைக்கிறது. அந்தம்மா தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அம்மா, சங்கம் கேட்டது வயசும் இரும்பும்தானே? நம்பர் ஒண்ணா இருக்குன்னும் போட்டுடுங்க. அந்த... தேச்ச விஷயம் வேணாமே."

அவர் பேனாவை நிறுத்தி, இரண்டு கண்ணாடிகளையும் நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஏசினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"கேட்டதுக்குத்தான் எழுதுவேன் சார். கேக்காதது என் வேலை இல்ல." எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். "அது உங்க வேலை."

சனிக்கிழமை முழுக்க வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அக்காவைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டேன். 'குழல் மாற்றப்படவில்லை என்று தெரியவந்திருப்பதால் என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.' எவ்வளவு கௌரவமாக இருக்கிறது பாருங்கள். அத்தானுக்குச் சாவி திரும்பக் கிடைத்துவிடும், எனக்கும் தலை தப்பிவிடும். வரி எப்படிப் போனால் யாருக்கு என்ன? கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன்.

சங்கத்துக் கூட்ட அறையில் நீள மேஜை. தலைவர் பல் டாக்டர். எதிராளியின் வாயையே பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு. செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் முன்னால் மேஜையில் கிடந்தது. அத்தான் கடைசி நாற்காலியில் இருந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. பெல்ட்டில் சாவி மாட்டுகிற கொக்கி மட்டும் வெறுமனே தொங்கியது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தலைவர் பட்டறைக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். வயது நூறிலிருந்து நூற்றுப்பத்து. உருக்கி வார்த்த எஃகுக் குழல். மூன்று எண்களும் ஒன்றே. குழல் மாற்றப்படவில்லை.

"அப்ப முடிஞ்சது" என்றார் தலைவர். நானும் எழுந்து என் வாக்கியத்தைச் சொன்னேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

செயலாளர் போட்டோவைக் கையில் எடுத்தார். "ஒரு நிமிஷம் சார். இதுல வரி நல்லாத் தெரியுதே. குழல் மாறலன்னா வரி எங்க போச்சு?"

போட்டோவைத் தலைவர் பக்கம் நகர்த்திவிட்டு அவரே தொடர்ந்தார்.

"தேச்சுத்தான் எடுத்திருக்கணும். பதினோரு வருஷம் யார் கையில இருந்தது?" சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகளைக் காட்டினார். அத்தானே தன் கையால் எழுதி மாட்டியவை. நாலாவது விதி: 'குழலில் எக்காரணம் கொண்டும் உப்புத்தாள் படக்கூடாது.' "உறுப்பினர்களுக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, தான் மட்டும் தேச்சிருக்கார். இவர எப்படி நம்பித் திரும்பச் சாவியக் குடுக்கறது?"

தலைவர் அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்க தேச்சீங்களா?"

"இல்ல சார். எங்கிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"இவர் எழுதியிருக்காரே" என்று செயலாளர் என் கடிதத்தைப் புரட்டினார். மூன்றாம் பக்கம். "'நல்ல நிலையில் மேற்படியாரிடம் ஒப்படைத்தேன்.' இதுக்கு என்ன சொல்றீங்க?"

அத்தான் மேஜையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப எழுதிடவா?" செயலாளர் நடவடிக்கைப் புத்தகத்தை இழுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். தேதி எழுதினார். அத்தானின் பதவியை எழுதினார். பெயரை எழுத ஆரம்பித்தார். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர் வாய் திறந்து ஒரு வார்த்தை என்னைச் சொல்லிவிட மாட்டாரா, நான் அதை மறுத்துவிட மாட்டேனா என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன். அவ்வளவு கேவலமானவன் நான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"நான்தான்" என்றேன்.

"என்னது?" தலைவருக்குக் கேட்கவில்லை. குரல் அப்படி வந்திருக்கிறது.

"நான்தான் தேச்சேன். அப்பா செத்த வாரத்துல. துருன்னு நெனச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். அது மேல்பூச்சு வரின்னு எனக்குத் தெரியாது. கட்டையக் கழட்டத் தெரியாததால அது அடியில மட்டும் வரி மிச்சம் இருக்கு. பட்டறைக்காரம்மா அத அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாங்க. எழுத வேணாம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

தலைவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் எழுதியதை அடித்தார். யாரோ, "எடை அளவு ஆபீசராம்" என்றது காதில் விழுந்தது. தலைவர் சாவியை எடுத்து மேஜைமேல் தள்ளினார். அது கடைசி நாற்காலி வரைக்கும் சறுக்கிக்கொண்டு போயிற்று. அத்தான் அதை எடுத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

நான் வெளியே வந்தபோது அவர் ஆயுத அறையைத் திறந்து துப்பாக்கிகளை எண்ண ஆரம்பித்திருந்தார். கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை ஆயிரம் கடைக்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அத்தான், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பதினாலு, பதினஞ்சு... தெரியும் மாப்ள."

"அப்ப ஏன் சொல்லல? சங்கத்துக்காவது சொல்லியிருக்கலாமே."

"புகார் குடுத்தவன்மேலயே பழியப் போடறான்னுதான் சொல்லுவ. துப்பாக்கி தெரிஞ்ச ஆள்கிட்ட போனா அஞ்சு நிமிஷத்துல உனக்கே தெரியும்னு விட்டுட்டேன்." பதினாறாவது துப்பாக்கியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். "நீ தேய்க்கறதப் பாத்தேன்."

"என்னது?"

"உங்க வீட்டுப் பின்பக்கப் படியில உக்காந்து தேச்சுக்கிட்டு இருந்த. நான் வந்தப்போ ஒரு குழல் முழுசாப் போயிருச்சு. இன்னொண்ணுல பாதிக்குமேல வரி இருந்துச்சு."

"பாத்துட்டு ஏன் தடுக்கல?"

"தடுக்கத்தான் வந்தேன். உங்க அக்கா என் சட்டையப் புடிச்சு இழுத்துட்டா." எண்ணுவதை நிறுத்தினார். "'அப்பா போனதுலேர்ந்து அவன் அழவே இல்ல. தேய்க்க உக்காந்தப்புறம்தான் அழறான். விடுங்க, இரும்புதானே'ன்னா. அவளும் சின்ன வயசுல அந்த வரியில வெரல் வெச்சு வெளையாடினவதான். கதவுகிட்ட நின்னு, அது போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. உன்கிட்ட இதச் சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

நான் அழுதது எனக்கு நினைவே இல்லை. கை வலித்தது நினைவிருக்கிறது. குழல் பளபளத்தபோது ஏற்பட்ட பெருமை நினைவிருக்கிறது. கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மூன்று தடவை அடித்த போன் கண்முன்னால் வந்தது. எங்காவது போய் ஒளிந்துகொள்ள முடிந்தால் போய்விடுவேன் என்று இருந்தது.

"நான் அக்காவக் கூப்பிடட்டுமா?"

"கூப்புடு. எடுப்பாளான்னு எனக்குத் தெரியாது."

எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, வரியத் தேச்சு அழிச்சது நான்தான்."

"தெரியும்."

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேங்கா. சாவி குடுத்துட்டாங்க."

என்னைத் தூக்கி வளர்த்தவள், என் குரலை வைத்தே எல்லாவற்றையும் அளந்துவிடுவாள்.

"அவங்க அவரக் கேக்கறதுக்கு முன்னாடி சொன்னியா, அப்புறமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அத்தான் பக்கத்தில்தான் நின்றார், காட்டிக்கொடுக்கவும் மாட்டார்.

"அப்புறம்" என்றேன். "அவர் பேர எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம்."

"போன அவர்கிட்ட குடு."

கம்பிகளுக்கு நடுவே போனை நீட்டினேன். அத்தான் காதில் வைத்துக்கொண்டு, "ம்" என்றார். "ஆமா, சாவி எங்கிட்டதான் இருக்கு" என்றார். "வந்துடறேன்" என்றார். போன் திரும்பி என் கைக்கு வந்தபோது அவள் வைத்துவிட்டிருந்தாள்.